பெரிய சாமான் வாங்க இது நல்ல காலமா?

பன்னிரண்டு வருடம் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பித்த எனக்கு, ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு வருவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அதனால்தான் உடனே ஒப்புக்கொண்டேன். கோப்பாயில் எங்கள் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு நடத்திய வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலர் இணைய வகுப்புக்குப் போனார்கள், சிலர் சோதனை எழுத முன்னரே வெளிநாட்டுக்குப் போனார்கள். கடைசியில் ஆறு பேர் மிஞ்சினார்கள். அந்த நேரம் கொழும்பில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேடுகிறது என்று கணவர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஸ்கூட்டி ஓடத் தெரிந்த, ஆட்களோடு வடிவாகக் கதைக்கக்கூடிய பட்டதாரி என்றால் போதுமாம்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு விடுதி மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. படிப்பித்தவர் கொழும்பிலிருந்து வந்த இளம் தமிழர், பொறுமையான மனிதர். இந்த ஐந்து கேள்விகளையும் பல நாடுகளில் கேட்கிறார்கள் என்றார். முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த நாட்டில் மக்கள் செலவு செய்யத் துணிந்திருக்கிறார்கள், எங்கே பயந்துபோய்க் கையைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். அதற்கு நுகர்வோர் நம்பிக்கைச் சுட்டெண் என்று பெயர். திரையில் நாடுகள் இரண்டு நிரையாக இருந்தன. ஒரு பக்கம் வளர்ச்சியடைந்த சந்தைப் பொருளாதாரங்கள். மற்றப் பக்கம் மாறிக்கொண்டிருக்கும் பொருளாதாரங்கள். நாங்கள் மற்றப் பக்கத்தில் இருந்தோம்.

நான் கையை உயர்த்தி, எதிலிருந்து எதற்கு மாறிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டேன். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. நான் படிப்பித்த புத்தகத்தில் மாறிக்கொண்டிருக்கும் நாடுகள் என்றால், எல்லாவற்றையும் அரசு நடத்திய நிலையிலிருந்து சந்தைக்கு வந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள். எங்கள் நாட்டில் சந்தையைத் திறந்தது நான் பிறக்க முன்னர். பிறகு நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பற்றறியும் மண்ணெண்ணெயும் யாழ்ப்பாணத்துக்குள் வராமல் யுத்தகாலத் தடை. பிறகு கொழும்புப் பாதை திறந்தது, பூட்டியது, திறந்தது. பிறகு எல்லாச் சந்தியிலும் தவணைக்குச் சாமான் கொடுக்கிற கடைகள். பிறகு எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. இதில் எந்த மாற்றத்தைச் சொல்கிறார்கள்? பயிற்றுநர் சிரித்துவிட்டு, அந்தப் பிரிவை எங்களிடம் ஆய்வு கேட்பவர்கள் போட்டிருக்கிறார்கள், நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். நான் கையை இறக்கினேன். ஆனால் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கேள்விகள் லேசானவைதான். போன வருடத்தோடு ஒப்பிடும்போது உங்கள் வீட்டு நிலைமை இப்போது எப்படி? அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நாட்டின் நிலைமை அடுத்த வருடம் எப்படி இருக்கும்? அடுத்த ஐந்து வருடத்தில்? கடைசியாக, வீட்டுக்குப் பெரிய சாமான் எதையாவது வாங்க இது நல்ல காலமா, கூடாத காலமா? பதிலைக் கையிலுள்ள தொடுதிரையில் தட்டினால் அது நேரே கொழும்புக்குப் போய்விடும். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுவதற்குத் திரையில் இடமில்லை.

எனக்கு முதலில் கிடைத்த இடம் குருநகர். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் கடலுக்குப் போகிற ஒழுங்கையில் வரிசையாக வீடுகள். முதல் வீட்டில் ஒரு வயதானவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நுகர்வோர் நம்பிக்கை பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று பயிற்சியில் சொல்லித் தந்தபடி தொடங்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள், நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை என்றார். அதன் பிறகு நான் அந்தச் சொல்லை எந்த வீட்டிலும் எடுக்கவில்லை.

நாலாவதோ ஐந்தாவதோ வீட்டில்தான் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர், இவ சந்தையில் நண்டும் மீனும் விற்கிறவ. வீட்டின் பாதிக் கூரைக்குத் தகரம், மீதிக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் படங்கு பொத்துப் பொத்தென்று அடித்துக்கொண்டது. கதிரையை இழுத்துத் தந்து இருக்கச் சொன்னா. உள் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்பது கேட்டது.

போன வருடத்தை விட எப்படி என்று கேட்டேன். "நல்லம் பிள்ளை, எவ்வளவோ நல்லம்" என்று உரத்த குரலில் சொன்னா. அடுத்த வருடம் இன்னும் நல்லாயிருக்கும். நாடும் நல்லாயிருக்கும். பெரிய சாமான் வாங்கவும் நல்ல காலம்தான். நான் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கட்டத்தைத் தட்டினேன். தட்டும்போது என் கண் மேலே படங்குக்குப் போய்விட்டது. அவ அதைக் கண்டிருக்க வேண்டும். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் மாதக்கணக்காகக் கரையில் கிடந்த காலத்தை நினைத்தால் இது சொர்க்கம் என்றா. அது போன வருடம் இல்லையே அம்மா, அதற்கும் முந்தி அல்லவா என்றேன். "எந்தப் போன வருசத்தைப் பிள்ளை கேக்கிறியள்?" என்று அவ திருப்பிக் கேட்டா.

பயிற்சியில் இதற்குப் பதில் இருந்தது: இன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு முன். அதைச் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. ஆனால் பதில் மாறவில்லை. அந்த ஒழுங்கையில் அன்று நான் போன பத்து வீடுகளிலும் இதே போலத்தான். எல்லோரும் நல்லம் என்றார்கள். எல்லோரும் நினைத்துக்கொண்ட போன வருடம் ஒன்றாக இருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சாவகச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தோட்டக்காரர் வீடு. முன் விறாந்தைக்குப் புதிதாக மாபிள் பதித்திருந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. உள்ளே சுவரளவு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கேள்வியைக் கேட்டு முடிக்க முன்னரே பெருமூச்சு விட்டார். போன வருடத்தை விட மோசம், வாற வருடம் படுமோசம், நாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பெரிய சாமான் என்ன, சின்னச் சாமானும் வாங்க ஏலாது. நான் எல்லாவற்றுக்கும் கீழ்க் கட்டத்தைத் தட்டி அனுப்பினேன். வெளிக்கிடும்போது கேற்றடி வரை வந்து, உதவிப் பட்டியலில் பெயர் எப்போது வரும் என்று கேட்டார்.

இது உதவிக்கு இல்லை அண்ணை, ஆய்வு, தொடங்கும்போதே வாசித்தேனே என்றேன்.

"அப்ப அதை முதலே வடிவாச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். "சும்மா அறியத்தான் கேக்கிறியள் எண்டால் நான் வேற மாதிரிச் சொல்லியிருப்பன்."

பதிலை மாற்றச் சொன்னார். மாற்ற முடியாது, கொழும்புக்குப் போய்விட்டது என்றேன். அவருக்கு அது பெரிய மனவருத்தமாகிவிட்டது. தன்னைப் பற்றிப் பிழையான விசயம் ஒன்று கொழும்பில் இருக்கப் போகிறது என்பது போல முகம் வாடி நின்றார். அப்படியென்றால் உண்மையான பதில் என்ன என்று கேட்டேன். புது விறாந்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, தெரியேல்லை என்றார்.

கனடாவில் இருக்கும் என் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குப் பின்னேரமாகும்போது வீடியோ அழைப்பு எடுப்பா. அங்கே அப்போது காலை. அவவுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். கலியாணம் கட்டிப் போய் இருபது வருடத்துக்கு மேல். அந்த ஞாயிறு புது வேலையைப் பற்றிச் சொன்னேன். என்ன கேள்வி, எனக்கும் கேள் என்றா. விளையாட்டாக ஐந்தையும் வாசித்தேன்.

அக்கா விளையாட்டாக எடுக்கவில்லை. போன வருடத்தை விட மோசம். வாற வருடம் இன்னும் மோசம். கனடாவின் நிலைமையும் அப்படித்தான். கடையில் கோழி விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருகிறாவாம். பெரிய சாமான் வாங்குகிற காலம் எங்களுக்கு முடிந்துபோய்விட்டது என்றா. இதையெல்லாம் அவ சமையலறையில் நின்றுகொண்டு சொன்னா. பின்னால் இரண்டு கதவுள்ள பெரிய பிரிட்ஜ், அதன் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற மெசின், யன்னலுக்கு வெளியே கார். எனக்கு அந்தக் கிழமை முழுக்க வெயிலில் அலைந்த களைப்பு. என்னை அறியாமல் வாய் போய்விட்டது.

"அக்கா, இஞ்சை பாதிக் கூரைக்குப் படங்கு கட்டியிருக்கிற சனமே நல்லம் எண்டு சொல்லுகினம். உந்தப் பெரிய வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு உங்களுக்கு என்ன குறை?"

அக்கா திரும்பி மாடிப்படிப் பக்கம் பார்த்தா. பிறகு, "சரி, நான் வைக்கிறன்" என்றா. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து மேற்பார்வையாளர் தொலைபேசியில் எடுத்தார். குருநகரில் நான் எடுத்த பதில்கள் எல்லாம் அளவுக்கு மீறிச் சந்தோசமாக இருக்கின்றன, கணினி அவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கிவிட்டது என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்: வீட்டுக்குள் போய்க் கேட்டீர்களா, அல்லது ஒழுங்கை முனையில் இருந்தபடி நீங்களே நிரப்பினீர்களா? வீட்டுக்குள் போய்த்தான் கேட்டேன் என்றேன். பிள்ளைகளுக்குச் சோதனையில் களவாகப் பார்த்து எழுதக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வயதுபோனவள் நான். அப்படியென்றால் அந்தப் பத்து வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேளுங்கள் என்றார். சாவகச்சேரிப் பதில்கள் சரியா என்று கேட்டேன். அவை வழமையான அளவுக்குள்தான் இருக்கின்றன என்றார்.

திரும்பக் குருநகருக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தா. மூன்று கிழமை கூட ஆகியிருக்காது. அதே ஐந்து கேள்விகள். இந்த முறை எல்லாவற்றுக்கும் பதில் கீழே போய்விட்டது. நிலைமை மோசம். வாற வருடம் என்ன ஆகுமோ தெரியாது. பெரிய சாமான் வாங்க இது கூடாத காலம்.

எனக்குப் பயம் பிடித்தது. அவவின் கணவருக்குக் கடலில் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, அவர் படுத்திருக்கிறார், ஒரு கிழமையாகக் காற்று, ஒருத்தரும் தொழிலுக்குப் போகவில்லை என்றா. அதற்காகவா இப்படி மாறியது என்றேன். அவ கருவாட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தா. அன்றைக்கு உள் அறையில் இருந்தவர்கள் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார். "அவையளுக்குக் கேக்க, நான் எப்பிடிப் பிள்ளை இல்லை எண்டு சொல்லுறது?"

அப்படியென்றால் அன்றைக்குச் சொன்னது பொய்யா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பயிற்சியில் அப்படிக் கேட்க வேண்டாம் என்று எழுதியே தந்திருந்தார்கள். ஆனால் எனக்கு அறிய வேண்டியிருந்தது. அவ கோபிக்கவில்லை. கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டு யோசித்தா.

"பொய் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே அப்பிடித்தான் கிடந்தது. எல்லாம் நல்லா வருமெண்டு."

"இண்டைக்கு?"

"இண்டைக்குக் காத்து."

அன்றைக்கு வந்தவர்களுக்கு மகளைப் பிடித்து, கலியாணம் நிச்சயமாகிவிட்டதாம். அதற்காக அடுத்த கிழமை ஒரு பிரிட்ஜ் தவணைக்கு எடுக்கப் போவதாகவும் சொன்னா. இப்போதுதானே கூடாத காலம் என்று சொன்னீர்கள் என்றேன். "கூடாத காலம்தான். அதுக்காகக் கலியாணத்தை நிக்கச் சொல்லேலுமோ?" என்றா. ஆக, வாங்க நல்ல காலம் என்று சொன்ன அன்றைக்கு அவ ஒன்றும் வாங்கவில்லை. கூடாத காலம் என்று சொல்கிற இன்றைக்கு வாங்கப் போகிறா. துணிவிருந்தால் செலவு செய்வார்கள், பயமிருந்தால் கையைப் பொத்துவார்கள் என்று திரையில் காட்டி எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, எதைத் தட்டுவது என்று தெரியாமல் இருந்தேன். பிறகு இன்றைக்குச் சொன்னதைத் தட்டினேன். மற்ற வீடுகளிலும் காற்றுத்தான் பதில் சொன்னது. இரவு மேற்பார்வையாளர், இப்போது சரியாக இருக்கிறது, நன்றி என்று செய்தி அனுப்பியிருந்தார்.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு எடுக்க வேண்டும் என்று தோன்றியது. குருநகர் அம்மாவிடம் அன்றைக்கு உள்ளே யார் இருந்தது என்று நான் கேட்கவில்லை. அக்காவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் எடுத்தேன். முதல் இரண்டு முறை அடித்து நின்றது. பிறகு அவவே எடுத்தா, படமில்லாமல், குரல் மட்டும். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றா. பிறகு மெல்லச் சொன்னா. அத்தான் வேலை செய்த, காருக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அத்தானை நிறுத்தி மூன்று மாதமாகிவிட்டது. நான் கேள்விகளை வாசித்த அந்த ஞாயிறு அவர் மேலே அறையில் படுத்திருந்திருக்கிறார். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னபடியால் அக்கா என்னிடமும் சொல்லவில்லை. வீட்டை விற்க யோசிக்கிறார்களாம்.

அங்கே வேலை இல்லாவிட்டால் அரசாங்கம் கொஞ்சக் காலம் காசு கொடுக்குமே என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பொருளியலில் அது பெரிய விசயம். கொடுக்கும், அது வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது வருகிறது என்பதால் பயம் போகவில்லை என்றா அக்கா. பிறகு கொஞ்சம் இறுக்கமாகச் சொன்னா:

"நீ கேட்டது போன வருசத்தை விட எப்பிடி எண்டு. நான் அதுக்குத்தானே பதில் சொன்னனான். வீட்டிலை என்னென்ன கிடக்கு எண்டு நீ கேக்கேல்லை."

உண்மைதான். இருப்பது வேறு, மாறுவது வேறு என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் கோடு கீறி விளங்கப்படுத்தியவள் நான். அக்காவிடம் பிரிட்ஜ் இருக்கிறது, ஆனால் எல்லாம் கீழே போகிறது. குருநகர் அம்மாவிடம் கூரை பாதி, ஆனால் வள்ளம் திரும்பக் கடலில். இரண்டு பேரும் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் பதிலைக் கேட்டுக் கோபப்பட்ட நான்தான் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை. இவ்வளவும் விளங்கியதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அதிக நேரம் நிற்கவில்லை. ஏனென்றால் அக்கா அடுத்ததாக, அங்கேயுள்ள சனம் என்னென்று பயப்பிடாமல் இருக்கினம் என்று கேட்டா. அவவுக்கு உண்மையாகவே அறிய வேண்டியிருந்தது, தனக்கு ஏதும் உதவும் என்று. பயப்பிடுகினம் அக்கா, ஆனால் எப்போது போய்க் கேட்டால் சொல்லுவினம் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இரண்டு மாதம் கழித்து நிறுவனம் இணையக் கூட்டம் ஒன்றில் முடிவுகளைக் காட்டியது. எங்களைப் போலக் கேள்வி கேட்கப் போனவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். திரையில் நிறம் நிறமாகக் கோடுகள். எங்கள் நாட்டின் கோடு ஏறியிருந்தது. வளர்ச்சியடைந்த நாடுகளின் கோடுகள் சில அதற்குக் கீழே கிடந்தன. கனடாவும் இருந்தது. மாறிக்கொண்டிருக்கும் பொருளாதாரங்களில் மக்கள் எதிர்காலத்தை அதிக நம்பிக்கையோடு பார்க்கிறார்கள், வளர்ச்சியடைந்த இடங்களில் மக்கள் சோர்ந்திருக்கிறார்கள் என்று காட்டியவர் சொன்னார். குரலில் பெருமை தெரிந்தது. எங்கள் நாட்டைப் பற்றி ஒருவர் பெருமையாகப் பேசிக் கேட்டுக் கனகாலம். எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு கோப்பாயில் எங்கள் ஒழுங்கையிலேயே நான் கேட்ட ஒரு தாயை நினைத்தேன். வாற வருடம் நல்லாயிருக்குமா என்றதற்கு, "ஓம், பெடியன் பிரான்சிலை இருக்கிறான்தானே" என்று சொன்னவ. அந்தப் பெடியனிடம் பிரான்சில் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? மேலே போகிற கோட்டில் உள்ள எத்தனை பேர் கீழே போகிற கோட்டில் உள்ள பிள்ளைகளை நம்பி மேலே இருக்கிறார்கள்?

நான் கையுயர்த்தும் பொத்தானை அழுத்தி அதைக் கேட்டேன். உள் அறையில் மாப்பிள்ளை வீட்டார் இருந்ததையும், காற்றையும், ஆளுக்கொரு போன வருடத்தையும் சொன்னேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவாரசியமான அனுபவம், ஆனால் ஒரு வீட்டில் கூடச் சொல்வார்கள், இன்னொரு வீட்டில் குறையச் சொல்வார்கள், ஆயிரக்கணக்கான வீடுகளைச் சேர்க்கும்போது அவையெல்லாம் ஒன்றையொன்று தள்ளிச் சமனாகிவிடும் என்றார். அது பிழையான பதில் இல்லை. நானே அதைப் படிப்பித்திருக்கிறேன். நான் பார்த்தது நூறு வீடுகள், அவர் பார்த்தது கடல் போல. குருநகர் அம்மா கூட்டிச் சொன்னதையும் சாவகச்சேரிக்காரர் குறைத்துச் சொன்னதையும் சேர்த்து இரண்டால் பிரித்தால் உண்மை வந்துவிடுமோ? வரலாம். எனக்கு அந்த இரண்டு முகமும்தான் தெரிந்தன, நடுவில் ஒருவரும் தெரியவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் கன நேரம் கணினிக்கு முன்னால் இருந்தேன். கணவர் வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நாங்கள் கனடாவை விட நல்லாயிருக்கிறோமாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, சாப்பிட வாரும் என்றார்.

குருநகர்க் கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேள்வி கேட்கப் போனவளைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. போனேன். பூசை முடிந்து வெளியே நிற்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் தாயிடம் கூட்டிக்கொண்டு போய், அன்றைக்குக் கணக்கெடுக்க வந்த பிள்ளை இதுதான் என்று அறிமுகப்படுத்தினா. அந்தத் தாய், அன்றைக்கு இவ சொன்னதையெல்லாம் நாங்கள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், தைரியமான மனுசி என்று எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றா. நான் சிரித்து வைத்தேன்.

அக்கா வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறை வாடகை வீடு ஒன்றுக்குப் போய்விட்டா. அத்தானுக்கு ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்திருக்கிறது, முந்தியதை விடக் குறைந்த சம்பளம். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது இப்போது நிலைமை கொஞ்சம் நல்லம் என்கிறா. முந்தி எல்லாம் இருக்கும்போது மோசம் என்றா, இப்போது பாதியும் இல்லாதபோது நல்லம் என்கிறா. நல்லம் என்று சொல்லும்போது குரல் உண்மையாகவே லேசாக இருக்கிறது.

நிறுவனம் அடுத்த சுற்றுக்கும் வரச் சொல்லிக் கேட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் என்று கணவர் கேட்டார். இன்னும் கொஞ்ச வீடுகளுக்குப் போனால் விளங்குமோ என்று பார்க்கிறேன் என்றேன். வேறு வேலையும் இல்லை என்பதும் உண்மை.

இந்த முறை உடுப்பிட்டி. முதல் நாளே ஒரு வெங்காயத் தோட்டக்காரப் பெண் என்னைக் கிணற்றடியிலேயே மறித்துவிட்டா. என் வயதுதான் இருக்கும். கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவ, கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டா. தோட்டத்துக்குப் புதிதாகத் தண்ணி மோட்டர் ஒன்று வாங்குவதா விடுவதா என்று அவவும் கணவரும் ஒரு மாதமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"அக்கா, நீங்கள் எல்லா வீட்டையும் போய்க் கேக்கிறியள். உங்களுக்குத்தானே தெரியும். இப்ப வாங்கலாமோ?"

நாங்கள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் விதி இல்லாவிட்டாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியாது தங்கச்சி என்றேன். அவ நம்பவில்லை. நான் சொல்லப் பஞ்சிப்பட்டு மழுப்புகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் இருங்கோ என்றுவிட்டு, வரம்பில் நின்ற கணவரிடம் போனா. இரண்டு பேரும் கதைப்பது தூரத்தில் தெரிந்தது. அவர் பழைய மோட்டரைக் காட்டி ஏதோ சொன்னார், இவ மறுத்துத் தலையாட்டினா. பிறகு இவ ஏதோ சொல்ல அவர் வானத்தைப் பார்த்தார். நான் கிணற்றுக் கட்டில் இருந்து, கருவியின் திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தேன். பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒரு பஸ் போனது. பிறகு இன்னொன்று. அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.